384 கிலோமீட்டர், 93 மணி நேரம்: ரெசொல்யூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு ஒரு பயணம்

கனடாவின் வடகோடியில் உள்ள இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில் நடந்த பயணம் பற்றிய பதிவு இது. போனவர்கள் இரண்டு தொழில்நுட்பர்கள். ஒட்டாவாவில் உட்கார்ந்து பயணத்தைத் திட்டமிட்டவன் நான். பெயர்களை விட்டுவிட்டேன். தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை என்பதால் அவற்றை மழுப்பாமல் எழுத முடிகிறது.

பின்னணி

கிரீஸ் ஃபியோர்டில் ஒரு பொதுக் கட்டடத்துக்கு இரண்டு பாய்லர்கள். அவற்றில் ஒன்றின் கன்ட்ரோல் பேனல் பழுதாகிவிட்டது. இன்னொன்று ஓடிக்கொண்டிருந்ததால் கட்டடம் சூடாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே மைனஸ் 25 டிகிரி இருக்கும் ஊரில் ஒற்றை பாய்லரை நம்பி வாரக்கணக்கில் இருக்க முடியாது. அதுவும் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் குழாய்கள் உறைந்துவிடும். எங்கள் நிறுவனம் சிறியது. புதிய பேனலைச் செய்து கொண்டுபோய் மாட்டி, ஓட்டிக்காட்டிவிட்டு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். பேனலும் கருவிகளும் சேர்ந்து 140 கிலோ.

அனுப்பியது இருவரை. மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். வடக்கே பலமுறை போய்வந்தவர். இளையவர் கன்ட்ரோல் பேனலுக்கு நிரல் எழுதுபவர். பனிக்காலத்து ஒட்டாவாதான் அவர் பார்த்ததிலேயே கடுங்குளிர்.

இரண்டு ஊர்கள்

ரெசொல்யூட் கார்ன்வாலிஸ் தீவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்க்டிக்கில் காணாமல் போன ஃபிராங்க்ளின் கடற்பயணக்குழுவைத் தேடி வந்த கப்பல்களில் ஒன்றின் பெயர் அந்த ஊருக்கு. அந்தப் பகுதியின் பழங்குடிகளான இனுயிட் மக்கள் சொல்லும் பெயர் கௌசுயிட்டுக், 'விடியாத இடம்'. நவம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் பிப்ரவரி தொடக்கத்தில்தான் மறுபடி தலைகாட்டும் என்பதால் பெயரில் மிகை ஏதும் இல்லை. கிரீஸ் ஃபியோர்ட் எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கிறது. கனடாவில் பொதுமக்கள் வாழும் ஊர்களில் இதற்கு வடக்கே வேறொன்று கிடையாது. 1898 முதல் 1902 வரை அந்தப் பக்கம் சுற்றிய நார்வேக்காரர் ஓட்டோ ஸ்வெர்ட்ருப் வைத்த பெயருக்கு 'பன்றிக் கடற்கழி' என்று பொருள். வால்ரஸ் கூட்டத்தின் உறுமல் அவருக்குப் பன்றிச் சத்தம்போலக் கேட்டதாம். உள்ளூர்ப் பெயர் அவுயுயிட்டுக், 'உருகாத இடம்'.

2021 மக்கள்தொகைக் கணக்கில் ரெசொல்யூட்டில் 183 பேர், கிரீஸ் ஃபியோர்டில் 144 பேர். இத்தனை தொலைவில் இந்த ஊர்கள் எப்படி வந்தன என்பது தனிக்கதை. ரெசொல்யூட்டில் 1947இல் வானிலை நிலையம் அமைந்தது. 1953இலும் 1955இலும் வட கியூபெக்கில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்தும், அவர்களுக்கு உதவியாகப் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் இனுயிட் குடும்பங்களை அரசு கொண்டுவந்து இந்த இரண்டு இடங்களிலும் இறக்கியது. பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பலாம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. 2010இல் அரசு மன்னிப்புக் கேட்டது. பயணத் திட்டத்தில் இதற்கென்ன வேலை என்று தோன்றலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு வெளியுலகத்துக்கான வழி அந்தச் சிறு விமானம்தான். கப்பல் வருவது கோடையின் முடிவில் ஒருமுறை. விமானத்தில் ஓர் இருக்கை யாருக்கு என்ற கேள்வியை அவர்கள் எங்களைப்போல் பார்ப்பதில்லை. இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

திட்டத்தாளில் நான் எழுதியது

இணையத்தில் தூரக் கணிப்பான்கள் நிறைய. இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரத்தைச் சொல்லிவிடும். ரெசொல்யூட் முதல் கிரீஸ் ஃபியோர்ட் வரை 384 கி.மீ. என்று வந்தது. அந்த எண் சரியானதுதான், இன்றும் அதில் எனக்குக் குறையில்லை. அதற்குக் கீழேயே பறக்கும் நேரமும் வந்தது. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 29 நிமிடம். ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் 59 நிமிடம். நான் ஒரு மணி நேரம் என்று எழுதினேன்.

வரைபடத்தைப் பார்த்தபோது தூரம் மிக நீளமாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் இணைய வரைபடங்கள் துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துக் காட்டும். 75 டிகிரி வடக்கே ஏறத்தாழ நான்கு மடங்கு. 384 கி.மீ. கோடு, நிலநடுக்கோட்டருகே 1,500 கி.மீ. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாகத் தெரியும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் 'வரைபடம் பயமுறுத்துகிறது, உண்மையில் பக்கம்தான்' என்று வாடிக்கையாளருக்குப் பெருமையாக விளக்கக் குறிப்பே எழுதினேன். ஒரு தவறிலிருந்து தப்பித்த தெம்பில் அடுத்ததில் விழுந்தேன்.

திட்டம் இப்படி இருந்தது. திங்கள், ஒட்டாவாவிலிருந்து இக்காலுயிட். சுமார் 2,090 கி.மீ., ஜெட் விமானம், மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. செவ்வாய், இக்காலுயிட்டிலிருந்து ஆர்க்டிக் பே வழியாக ரெசொல்யூட். நேர்க்கோட்டில் சுமார் 1,570 கி.மீ., சுழலி (புரொப்பெல்லர்) விமானம். புதன் காலை கிரீஸ் ஃபியோர்ட், நாலைந்து மணி நேர வேலை, மாலையில் ரெசொல்யூட் திரும்புதல். வியாழன், வெள்ளியில் ஒட்டாவா. ஐந்து நாள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டார்.

புறப்படும் முன் கவனித்தவை

திட்டத்தாளை மூத்தவரிடம் கொடுத்தபோது அவர் முதலில் கேட்டது, "புதன் மாலையில் எந்த விமானம்?" என்று. காலையில் போகும் விமானம் மாலையில் திரும்பும் என்று நான் எண்ணிக்கொண்டேன். அந்த விமானம் இறங்கி, சரக்கை இறக்கி, ஏற்றி, முக்கால் மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். இரவு அங்கே தங்காது. அப்போதைய அட்டவணையில் வாரத்துக்கு இரண்டே நாள், புதனும் சனியும். புதனன்று போனால் சனியன்றுதான் திரும்பலாம்.

இரண்டாவது, நேரம். அட்டவணையில் போகும்போது 10:00 மணிக்குக் கிளம்பி 12:25க்கு இறங்குவதாக இருந்தது. வரும்போது 13:00க்குக் கிளம்பி 13:25க்கு இறங்குவதாக இருந்தது. போக இரண்டரை மணி, வர 25 நிமிடமா? போகும்போது நடுவில் எங்கோ நிற்கிறது, வரும் நேரம் அச்சுப்பிழை என்று நானே ஒரு விளக்கம் கற்பித்துக்கொண்டேன். நடுவில் நிற்பதற்கு எந்த ஊரும் இல்லை. இடையில் இருப்பது டெவன் தீவு, மனிதர் வாழாத தீவுகளில் உலகிலேயே பெரியது. விஷயம் எளிது: ரெசொல்யூட் மத்திய நேரத்தில் இருக்கிறது, கிரீஸ் ஃபியோர்ட் கிழக்கு நேரத்தில். கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளினால் இரண்டு பக்கமும் 1 மணி 25 நிமிடம். மூத்தவர் சிரிக்கவில்லை. "போன தடவை நானும் இப்படித்தான் குழம்பினேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆக, என் 'ஒரு மணி நேரம்' 1 மணி 25 நிமிடம் ஆனது. காரணம் விமானம். கிரீஸ் ஃபியோர்டின் ஓடுபாதை சரளைக்கல் பாதை, ஏறக்குறைய 500 மீட்டர் நீளம்தான். மலைக்கும் கடலுக்கும் நடுவே இடுக்கில் கிடக்கிறது. அங்கே ஜெட் இறங்க முடியாது. இக்காலுயிட்டிலிருந்து ரெசொல்யூட் வரும் சுழலி விமானமும் முடியாது. ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானம் ஒன்றுதான். 1965இல் முதன்முதலாகப் பறந்த வகை, குட்டையான பாதையில் ஏறி இறங்குவதற்கென்றே செய்தது. அதன் பயண வேகம் மணிக்கு 280 கி.மீ. அளவு. கணிப்பான் வைத்துக்கொண்ட வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு.

மெதுவாகப் பறக்கும் விமானத்துக்குக் காற்று பெரிய விஷயம் என்பதையும் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கி.மீ. எதிர்காற்று அடித்தால் 384 கி.மீ.க்கு 1 மணி 40 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 1 மணி 10 நிமிடம். ஜெட்டுக்கு இந்தத் தூரத்தில் அந்தக் காற்று இரண்டு நிமிடம்கூடப் பெறாது.

திட்டத்தைத் திருத்தினோம். புதன் போய், சனி திரும்புவது. ஐந்து நாள் எட்டு நாளானது. வாடிக்கையாளர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். எடை பற்றி யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது இருக்கை விமானம், இரண்டு பேர், 140 கிலோ. இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

எடைக் கணக்கு

இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ட்வின் ஆட்டர் தரையிலிருந்து எழும்போது மொத்த எடை 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது. பனியில் இறங்குவதற்கான ஸ்கீ, உயிர்காப்புச் சாமான், இரண்டு விமானிகள் எல்லாம் சேர்ந்து காலி விமானமே சுமார் 3,700 கிலோ வந்துவிடும். மணிக்கு 250 முதல் 300 கிலோ வரை எரிபொருள் குடிக்கும். கிரீஸ் ஃபியோர்டில் இறங்க முடியாமல் போனால் பக்கத்தில் ஒதுங்க வேறு ஓடுபாதை இல்லை, வந்த வழியே ரெசொல்யூட்டுக்குத் திரும்ப வேண்டும். எனவே போக 1:25, வர 1:25, அதற்குமேல் முக்கால் மணி கையிருப்பு. ஏறக்குறைய ஆயிரம் கிலோ எரிபொருள். கழித்துப் பார்த்தால் ஆளுக்கும் சரக்குக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒரு டன்னுக்கும் குறைவு.

கனத்த குளிராடையும் பையுமாக ஒருவர் 100 கிலோ என்றால் ஒன்பது பேரோடு விமானம் நிறைந்தது. பத்தொன்பது இருக்கை என்பது விற்பனைக் குறிப்பில் உள்ள எண். இந்தத் தடத்தில் முன்பாதியில் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு கட்டியிருப்பார்கள்: பால், முட்டை, காய்கறி, மருந்து, அஞ்சல். அதற்கு நடுவே எங்கள் 140 கிலோ என்பது ஊரின் ஒரு பங்கு சாப்பாட்டை இறக்கிவிட்டுத்தான் ஏற முடியும்.

செவ்வாய் முதல் சனி வரை நடந்தவை

திங்களும் செவ்வாயும் கடிகாரம் பிசகாமல் போயின. செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் ரெசொல்யூட்டில் இறங்கினார்கள்.

புதன் காலை சரக்குக் கவுன்டரில் பேனலைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார்கள். ஆள் இருவரும் ஏறலாம். பெட்டி இடமிருந்தால் வரும், இன்று இடமில்லை. மூத்தவர் எனக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். பெட்டி இல்லாமல் போய் என்ன செய்வது? ஆனாலும் போகச் சொன்னேன். இடத்தைப் பார்த்து, பழைய பேனலைக் கழற்றி வைத்திருக்கலாம், பெட்டி சனியன்று வரட்டும் என்பது என் எண்ணம். அன்றிருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது மோசமான முடிவு அல்ல என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கிரீஸ் ஃபியோர்டில் காற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, பகல் ஒரு மணிக்கு விமானம் கிளம்பியது. உறைந்த வெலிங்டன் கால்வாய், டெவன் தீவு, ஜோன்ஸ் சவுண்டின் பனிப்பரப்பு. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. மலைச்சரிவிலிருந்து இறங்கும் காற்று தரைப்பனியைக் கிளப்பிவிட்டிருந்தது. மேலே நீலவானம், கீழே ஓடுபாதையைக் காணோம். விமானி ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு முறை தாழ்ந்து பார்த்தார், மூக்கைத் திருப்பிவிட்டார். நாலு மணி தாண்டி ரெசொல்யூட்டிலேயே இறங்கினார்கள். மூன்று மணி ஐந்து நிமிடம் பறந்து, 768 கி.மீ. கடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

இளையவருக்குக் கோபம். "இன்னும் ஒரு தடவை முயன்றிருக்கலாமே" என்றாராம். மூத்தவர் அவரை அழைத்துப்போய் விமானியோடு ஒரு காபி குடிக்க வைத்தார். விமானி சொன்னது இதுதான்: அங்கே கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும், மலை ஒரு பக்கம் நெருங்கி நிற்கிறது, இன்னொரு சுற்று என்றால் கையிருப்பு எரிபொருளில் கை வைக்க வேண்டும். அந்தப் பரப்பு காந்த ஊசியை நம்ப முடியாத பரப்பும்கூட. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டுபிடித்த வட காந்தத் துருவம் பின்னர் இந்தத் தீவுகளுக்கு நடுவேதான் நகர்ந்துபோயிற்று. ஓடுபாதைத் திசைகளையே அங்கே உண்மை வடக்கை வைத்துத்தான் குறிக்கிறார்கள். 384 கி.மீ. நேர்வழியில் போனாலே திசைக்கோணம் 12 டிகிரி மாறிவிடும். 2011 ஆகஸ்ட் 20 அன்று ரெசொல்யூட்டில் இறங்க வந்த ஜெட் ஒன்று ஓடுபாதைக்குப் பக்கத்துக் குன்றில் மோதி, இருந்த 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். திசைகாட்டியில் ஏற்பட்ட பிழையும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது. அந்த ஊரில் யாரும் 'இன்னொரு முறை முயன்றிருக்கலாம்' என்று சொல்வதில்லை.

வியாழன் ரெசொல்யூட்டிலேயே பனிக்காற்று. கூடுதல் விமானம் ஒன்று விடுவதாக இருந்தது, கைவிடப்பட்டது. வெள்ளி காலை தெளிந்தது. கிளம்பப் போகிறோம் என்ற நேரத்தில் கிரீஸ் ஃபியோர்டில் ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே இறங்கக்கூடிய வகை விமானம் கைவசம் அது ஒன்றுதான். இருக்கைகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சரைப் பொருத்திக்கொண்டு போனார்கள். போகிற வழியில் எங்களை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று நான் ஒட்டாவாவிலிருந்து கேட்டேன். கேட்ட நேரத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

முடிவு எடுத்த இரவு

வெள்ளி இரவு மூவரும் தொலைபேசியில் கூடினோம். மறுநாள் சனி, வழக்கமான விமானம் உண்டு. ஆனால் நான்கு நாள் தேக்கம். மருத்துவம் முடிந்து ஊர் திரும்ப முதியவர்கள் காத்திருந்தார்கள், காய்கறி கெட்டுக்கொண்டிருந்தது. எங்களுக்கு அவர்கள் கொடுத்தது ஓர் இருக்கையும் 30 கிலோவும்.

வழிகள் மூன்று இருந்தன. தனி விமானம் வாடகைக்கு எடுப்பது ஒன்று; இருக்கை விலையைப்போலப் பல மடங்கு செலவு, அதற்கும் விமானம் சும்மா இருக்க வேண்டும். அடுத்த புதன் வரை இருவரும் காத்திருப்பது இன்னொன்று. ரெசொல்யூட்டில் தங்கும் இடம் மிகக் கொஞ்சம், ஏப்ரல் என்றால் ஆய்வுக்குழுக்கள் வந்து குவியும் காலம். ஏற்கெனவே இருவரும் ஓர் அறையில்தான் முடங்கியிருந்தார்கள். மூன்றாவது, ஒருவரை மட்டும் அனுப்புவது. ஆனால் 30 கிலோவில் பேனல் எப்படிப் போகும்?

அப்போதுதான் மூத்தவர், நாங்கள் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். பேனலில் கெட்டது எது? அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்காரரை வீட்டில் அழைத்தோம். ராத்திரி பதினொரு மணி. அவர் அலுத்துக்கொள்ளாமல் போய்ப் பேனலைத் திறந்து படம் எடுத்து அனுப்பினார். இணைப்பு மெதுவானது, ஆறு படம் வந்துசேர அரை மணி ஆயிற்று. இரும்புப் பெட்டி நன்றாக இருந்தது. மின் இணைப்புகள் நன்றாக இருந்தன. கருகியிருந்தது கட்டுப்படுத்தும் பலகையும் மின்வழங்கியும் மட்டும். எங்கள் புதிய பேனலிலிருந்து அந்த இரண்டையும் கழற்றினால் 11 கிலோ. மடிக்கணினி, சிறு கருவிகள் சேர்த்தாலும் 22 கிலோவைத் தாண்டாது.

யார் போவது என்பதில் நான் மூத்தவரைத்தான் நினைத்தேன். அவர் மறுத்தார். பாய்லர் வேலையை அந்தப் பராமரிப்புக்காரர் இருபது ஆண்டாகச் செய்கிறார், அங்கே ஆள் குறைவது நிரலுக்குத்தான், தம்பி போகட்டும் என்றார். அனுபவசாலி பின்தங்கி, வடக்கே முதல்முறை வந்தவர் தனியாகப் போவது காகிதத்தில் எழுதினால் நன்றாகத் தெரியாது. ஆனால் இந்தப் பயணத்தில் எடுத்த ஆகச் சரியான முடிவு அதுதான். இரவோடு இரவாக இருவரும் பேனலைப் பிரித்தார்கள்.

சனி காலை 11:10க்குக் கிளம்பிய விமானம் மேல்காற்றின் தயவில் 1 மணி 20 நிமிடத்தில் கிரீஸ் ஃபியோர்டில் இறங்கியது. அங்கே கடிகாரத்தில் மணி பகல் 1:30.

விளைவு

ஞாயிறு தேவாலய வழிபாடு முடிந்து பராமரிப்புக்காரர் வந்தார். இளையவர் வருவதற்குள் பழைய பலகையைக் கழற்றி, கம்பிகளுக்கெல்லாம் துணிநாடாவில் எண் எழுதி ஒட்டி வைத்திருந்தார். ஐந்து மணி நேரம் ஆகும் என்று நினைத்த வேலை மூன்றரை மணியில் முடிந்தது. மாலையில் இரண்டாவது பாய்லர் பற்றிக்கொண்டது.

அதன்பின் இளையவர் மூன்று நாள் காத்திருந்தார். புதன் விமானம் நேரத்துக்கு வந்தது, எதிர்காற்றில் 1 மணி 35 நிமிடம் பறந்து ரெசொல்யூட். வெள்ளியன்று ஒட்டாவா. மொத்தம் 12 நாள்; முதலில் நான் எழுதியது 5. மூத்தவர் அதற்கு மூன்று நாள் முன்பே திரும்பிவிட்டார். பிரித்த பேனலின் மிச்சப் பெட்டி நேர்க்கோட்டில் பார்த்தாலே 3,400 கி.மீ. வடக்கே போய், எதற்கும் பயன்படாமல், அதே 3,400 கி.மீ. திரும்பி வந்தது. கோடையில் உதிரியாக வைத்துக்கொள்ளட்டும் என்று கப்பலில் மறுபடி அனுப்பினோம். அது எங்கள் செலவு.

ஒரு கணக்கு மட்டும் எனக்காகப் போட்டு வைத்தேன். ரெசொல்யூட்டில் காலடி வைத்ததிலிருந்து கிரீஸ் ஃபியோர்டில் காலடி வைத்தது வரை 93 மணி நேரத்துக்குச் சற்று மேல். 384 கி.மீ.யை அதால் வகுத்தால் மணிக்கு நான்கு கி.மீ. மனிதன் நடக்கிற வேகம். நாய்வண்டி கட்டிப் போயிருந்தால் ஒருவேளை முந்தியிருக்கலாம் என்று மூத்தவர் சொன்னார். அவர் கிண்டல் செய்கிறாரா இல்லையா என்பது குரலில் தெரியவில்லை.

மாற்றியவை

திட்டத்தாளில் 'பயண நேரம்' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் வானத்தில் இருக்கும் நேரம் தனி, அடுத்த விமானம் எந்த நாள் என்பது தனி. வானத்தில் இருக்கும் நேரத்தை விமான வகையின் உண்மை வேகத்தில் போடுகிறோம். இணையக் கணிப்பானிடம் தூரம் மட்டும் கேட்பது, நேரம் கேட்பதில்லை. இரண்டு முனைகளின் நேர வலயத்தையும் பக்கத்திலேயே எழுதுகிறோம். வாரத்துக்கு இருமுறை விமானம் வரும் ஊருக்கு, ஒரு விமானம் தவறும் என்று வைத்துக்கொண்டே நாள் போடுகிறோம். அது தவறாமல் வந்துவிட்டால் சும்மா இருக்கும் நாட்களுக்கு வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே ஒப்புதல்.

எடையைப் பொறுத்தவரை, எதையும் பெட்டியில் போடுவதற்கு முன் அந்த ஊர்ப் பராமரிப்புக்காரரிடம் படம் கேட்கிறோம். இதைச் செய்தபிறகு வடக்கே அனுப்பும் சரக்கு பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்னும் எனக்கு உறுத்துவது, அந்த 11 கிலோ பலகையை அஞ்சலில் அனுப்பி, தொலைபேசியில் பேசிக்கொண்டே அந்த மனிதரை வைத்து வேலையை முடித்திருக்கலாமோ என்பது. நிரலை முன்கூட்டியே ஏற்றி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும் என்று இளையவர் சொல்கிறார். மூத்தவர் ஒத்துக்கொள்ளவில்லை, பாய்லர் பற்றும்போது பக்கத்தில் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே கட்டடத்தின் முதல் பாய்லருக்கும் பலகை மாற்ற வேண்டி வந்தது. இளையவர் மட்டும், 14 கிலோ, திட்டத்தில் பதினொரு நாள். ஒவ்வொரு விமானமும் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சொன்ன நேரத்துக்கு வந்தது. வேலை ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டணச் சீட்டு போனதும் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், இணையத்தில் 384 கி.மீ., 59 நிமிடம் என்று போட்டிருக்கிறதே, பதினொரு நாள் எப்படி என்று எழுதிக் கேட்டார். பழைய பயணத்தின் நாள்வாரிப் பதிவை அவருக்கு அனுப்பினேன். மறு வாரம் பணம் வந்தது.